தொடங்கிய இடம்

2024 செப்டம்பர் 4, புதன்

டாக்டர் மைதிலி ஒரு நோட்டுப் போடச் சொன்னார். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், எங்கே வலி என்று தினமும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். எனக்கு இது புதிதில்லை. டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எந்த ஊர், எந்த நம்பர், எத்தனை நிமிஷம் என்று எழுதிக்கொண்டே லைன் போட்டுக் கொடுத்த கை.

காலை 99.8. இரண்டு இட்லி. முதுகுவலி. இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறார்.

செப்டம்பர் 6, வெள்ளி

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தம் குறைந்துகொண்டே போவதற்கு ரத்தப் புற்றுநோய்தான் காரணமாக இருக்கும் என்று டாக்டர் நினைக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் அணிக்குப் பதினெட்டு வருஷம் கோல் கீப்பராக நின்றவர் என் வீட்டுக்காரர் லூர்துநாதன். விரல் முறிந்தும் முகத்தில் காட்டாமல் இரண்டாம் பாதி ஆடியவர். இன்று என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ரசம் சாதம். பாதி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

ரத்தப் புற்றுநோய் இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது.

மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது அங்கே இருக்கக்கூடாத செல்கள் இருந்தனவாம், உள்ளே கறுப்புத் துகளோடு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்லில் வருகிற புற்றுநோய், மெலனோமா என்றார் டாக்டர். வழக்கமாகத் தோலில் ஒரு மச்சம் போலத் தொடங்கி, வளர்ந்து, பிறகுதான் உள்ளே பரவும். இவருக்கு எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்விட்டது. தொடங்கிய இடத்தை மட்டும் காணவில்லை.

“தேடிப் பாக்கலாம்மா,” என்றார். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை லென்ஸ் வைத்துத் தேடினார்கள். முடியை விலக்கி, நகத்தின் அடியில், கால்விரல் இடுக்கில், வாய்க்குள், கண்ணுக்குள். ஒவ்வொரு தழும்புக்கும் என்னிடம் காரணம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வலது முழங்கால், பெரம்பூரில் ஆடிய ஆட்டம். புருவத்தில், கோல் கம்பத்தில் மோதியது. முழங்கையில் தீக்காயம், ஒர்க்‌ஷாப்.

அவரை நான் முதன்முதலில் பார்த்ததே அந்தப் புருவத்தில் பிளாஸ்திரியோடுதான். 1980. எக்ஸ்சேஞ்சுத் தோழிகளோடு ரயில்வே இன்ஸ்டிட்யூட் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. ஷிப்டு விட்ட ஜனம் சைக்கிளில் ஆறு மாதிரி வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே இவரும் இவருடைய அண்ணனும் ஒரே சைக்கிளில் போனார்கள். அண்ணன் மிதிக்க, இவர் முன் பாரில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார், ஆறடி உடம்போடு. நான் சிரித்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டார்.

அடுத்த வருஷம் கல்யாணம். நாற்பத்து மூன்று வருஷம் பக்கத்தில் படுத்த உடம்பு. இருந்தும் இன்று பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

எதுவும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஸ்கேனில் முதுகெலும்பும் இடுப்பும் விளக்கு வைத்தது மாதிரி தெரிகின்றன. தொடங்கிய இடம் இல்லை. சிலருக்கு அது தானே மறைந்துவிடும் என்றார் டாக்டர். எப்போதாவது மச்சம் ஏதாவது இருந்து மறைந்ததா, எடுத்ததுண்டா, சின்ன வயதிலிருந்து கூட இருந்தவர்கள் யாரையாவது கேட்க முடியுமா என்று விசாரித்தார்.

“யாருமில்ல டாக்டர்,” என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் யாருமில்லை என்றேன்.

வரும்போது சங்கரா மீன் வாங்கினேன். குழம்பு நன்றாக வந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டார்.

செப்டம்பர் 25, புதன்

மகள் ஜெசிந்தா சென்னையிலிருந்து பேசினாள். டாக்டர் கேட்டதைச் சொன்னேன். “பெரியப்பா இருக்காருல்லம்மா,” என்றாள். அதெல்லாம் விட்டுப்போன சொந்தம் என்று சொல்லி, குக்கர் கத்துகிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பில் இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு அப்படியே சந்தைக்குப் போனேன். பொன்மலைச் சந்தையில் கால் வைத்தால் எனக்கு ஸ்டெல்லா அக்கா ஞாபகம் வராமல் இருக்காது.

இவருடைய அண்ணன், என் மூத்தார் சவரிமுத்துவின் மனைவி. நான் கல்யாணமாகி வந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். ஓர் அறை அவர்களுக்கு, ஓர் அறை எங்களுக்கு, சமையல்கட்டு பொது. எனக்கு மீன் கழுவத் தெரியாது. அக்காதான் செவுளைத் திறந்து பார்த்து வாங்கக் கற்றுக்கொடுத்தது. எனக்குக் காலை ஆறு மணி டியூட்டி என்றால் ஐந்து மணிக்கே எழுந்து டிபன் கட்டித் தரும். “நீ ஊருக்கெல்லாம் லைன் குடுக்குற, உனக்கு யாரு சோறு குடுப்பா” என்று சொல்லும். ஜெசிந்தாவுக்குப் பெயர் வைத்தது அக்காதான். அதற்குப் பிள்ளை இல்லை. ஞானஸ்நானத்தன்று குழந்தையை என் கையில் திருப்பித் தர மனசில்லாமல் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

84இல் மூத்தாருக்குப் போத்தனூருக்கு மாற்றலானது. அதன் பிறகும் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் இங்கே, ஈஸ்டருக்கு நாங்கள் அங்கே.

2005இல் அக்கா இறந்த செய்தி எங்களுக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை. மூன்றாம் நாள்தான் போனோம். வாசலிலேயே அண்ணனுக்கும் தம்பிக்கும் வார்த்தை தடித்துவிட்டது. பத்தொன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அவ்வளவுதான்.

காய்ச்சல் 100.4.

அக்டோபர் 5, சனி

மத்தியானம் 103. ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடியபடி “அண்ணே, இடது பக்கம் பாரு, இடது பக்கம்” என்றார். அவர் கோலில் நிற்கும்போது அண்ணன்தான் முன்னால் தடுப்பாட்டக்காரர். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சொல் இந்த வீட்டில் கேட்டதில்லை.

ஜெசிந்தாவை வரச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

அப்பாவோடு ஜெசிந்தா இருந்தாள். கரூரில் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவரிடம் சொல்லி, காலை ரயிலில் போத்தனூர் போனேன்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் வீடு கட்டிய அதே தெரு, அதே பச்சைக் கேட். மூத்தாரே வந்து திறந்தார். எழுபத்து நான்கு வயது. முடியெல்லாம் வெளுத்திருந்தது, முதுகு வளையவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரமே ஆகவில்லை. கேட்டில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “உள்ள வா,” என்றார்.

தானே காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அளவாகச் சர்க்கரை. ஒற்றை ஆள் வீட்டுச் சமையல்கட்டு, துடைத்துவைத்தது மாதிரி இருந்தது. சுவரில் அக்கா படம், புதுப் பூ.

தம்பிக்கு என்ன என்று சொன்னேன். மச்சத்தைப் பற்றிக் கேட்டபோது தன் டம்ளரைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார். 2004இல் ஐம்பது வயதுக்காரர்கள் ஆட்டத்துக்காக இவர் போத்தனூரில் நான்கு நாள் தங்கினார். இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி, மிளகைவிடப் பெரிது, பூட்ஸ் போட்டால் உறுத்தியது. ஆணிக்கால் என்று நினைத்துப் பிளேடால் சீவி, சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்துக் கட்டியது அண்ணன்தான். இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவேன் என்று இரண்டு பேரும் சொல்லாமல் விட்டுவிட்டார்களாம்.

“ஆணிக்கால் வெள்ளையா இருக்கும். அது கறுப்பு. எனக்கு அப்பவே தெரியும் அது கறுப்புன்னு,” என்றார். “நான்தான் வெச்சேன் பிலோமினா.”

இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. டம்ளரை மட்டும் கையில் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

நான் கிளம்ப எழுந்தபோது, “வேற ஏதும் சொல்லணுமா?” என்றார்.

“இல்ல அத்தான்,” என்றேன்.

“சரி. நான் அங்க வரலாமா?”

வாங்க என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

செப்டம்பர் 29 அன்று எழுதியதில் ஒரு வரி பொய். என் நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன்.

செய்தி நேரத்துக்கு வந்தது. 2005 ஜூன் 11, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு வீட்டு டெலிபோன் அடித்தது, மூத்தார்தான் பேசினார். இவர் கோயிலுக்கு நாற்காலி கேட்கப் போயிருந்தார். மறுநாள் ஜெசிந்தாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முன்னால் ஒருமுறை ஒரு சாவைக் காரணம் காட்டித் தள்ளிப் போட்டவர்கள். இன்னொரு முறை தள்ளினால் அது நடக்காது என்று எனக்குப் பட்டது. ஒரே ஒரு நாள்தானே, நாளைக்குச் சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பேசி முடித்ததும் ரிசீவரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். எத்தனையோ ஊர்ச் சாவுச் செய்திக்கு மற்ற லைனை நிறுத்தி முதலில் வழி விட்டவள் நான்.

ஞாயிறு சாயங்காலம் சொல்ல வாய் வரவில்லை. திங்கள்கிழமை ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொல்லி இவருக்குத் தெரிந்தது. போனோம். வாசலில் இவர், ஏன் சொல்லவில்லை என்றார். உன் வீட்டுக்குப் போன் பண்ணினேன், பிலோமினா எடுத்தாள் என்றார் அவர். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்படி எந்தப் போனும் வரவில்லை என்றேன்.

மனைவியைப் பறிகொடுத்து மூன்றாம் நாள் நிற்கிறவரைப் பொய்யர் ஆக்கினேன். இவர் என்னை நம்பினார். இன்றுவரை ஒருமுறைகூட என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

கரூர் போகவில்லை, போத்தனூர் போனேன் என்று சொன்னேன். குதிகாலைப் பற்றிக் கேட்டதும், “அட, அது ஆணிக்கால்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எப்படி இருக்காரு?” என்றார்.

டாக்டர் குதிகாலைப் பார்த்தார். அரிசி அளவில் ஒரு வெளிறிய இடம், அவ்வளவுதான். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருபது வருஷத்துக்குப் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வைத்தியமும் அதனால் மாறாது. நடந்ததற்கு அவர் அண்ணன்தான் காரணம் என்று யாரும் நினைக்கக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

புது மருந்து ஒன்று ஏற்றினார்கள். இரண்டு பாட்டில் ரத்தம்.

அக்டோபர் 20, ஞாயிறு

மூத்தார் வந்துவிட்டார். ஒரு பை, ஒரு குடை. கட்டில் பக்கத்தில் போய் நின்று தம்பியைப் பார்த்தார். இவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. “படுடா,” என்று தோளில் கை வைத்தார் அண்ணன். அந்தக் கையை இவர் விடவேயில்லை. நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

டாக்டர் சொன்னதை மூத்தாரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியவில்லை.

அக்டோபர் 26, சனி

ஒரு வாரமாக வீட்டில் ஆட்டம்தான் நடக்கிறது. 1977 அரைஇறுதியில் யார் யார் ஆடினார்கள் என்று இரண்டு பேரும் பெயர் பெயராக அடுக்குகிறார்கள். லெப்ட் அவுட் இடத்தில் ஆடியது யார் என்பதில் சண்டை. கல்கல் என்று கிறிஸ்துமஸ் பலகாரம் செய்து கொடுத்த ஆங்கிலோ இந்தியன் மேஸ்திரி வீடு, இன்ஸ்டிட்யூட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்த சினிமா, மழையில் மைதானம் குளமாகி ஆட்டம் நின்றது. அண்ணன் தம்பிக்கு முகம் மழித்துவிடுகிறார், குதிகாலுக்கு எண்ணெய் தடவுகிறார். தடவும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

இவர் மூன்று முறை சிரித்தார். காய்ச்சல் 99.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. மருந்துக்கு நோய் கேட்கவில்லை, நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி வலிக்கு மட்டும். பட்டாசுச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்தினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

கோயிலிலிருந்து சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மனதில் யார்மேலும் வருத்தம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியிருப்பார் போல. அவர் போன பிறகு நான் கஞ்சி எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழையும்போது இவர் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு நீ துக்கத்துல ஒரு பொய் சொல்லிட்ட. நான் அதை மனசுலேர்ந்து எடுத்துட்டேன். நீயும் மறந்துடு.”

மூத்தார் என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் போர்வையை இழுத்துச் சரி செய்தார். “சரிடா,” என்றார்.

அந்தச் ‘சரிடா’வை என்னால் தாங்க முடியவில்லை. அவர் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டது பரவாயில்லை. இவர் ஒரு பொய்யை மன்னித்துவிட்ட நிம்மதியோடு போய்விடுவார். பொய் சொல்லாதவரை மன்னித்துவிட்டுப் போவார். கஞ்சியை ஸ்டூலில் வைத்தேன்.

“அவரு பொய் சொல்லலைங்க. போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்.”

ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். நிச்சயதார்த்தம் என்று சொன்னபோது எனக்கே அது சின்னதாகக் கேட்டது.

இவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நவம்பர் 4, திங்கள்

கஞ்சி, மருந்து எல்லாம் அண்ணன் கையால்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

நான் உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்கிறார். டாக்டர் சொன்ன கணக்குப்படி மிச்சம் இருப்பதே சில வாரம். அதில் இரண்டு நாள் போய்விட்டது. ஜெசிந்தாவிடம் சொன்னேன். காரணம் தன் நிச்சயதார்த்தம் என்று தெரிந்ததும் அவளும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

துணி துவைத்தேன்.

நவம்பர் 6, புதன்

அண்ணன் கொடுத்தால் அரை டம்ளர்.

நவம்பர் 7, வியாழன்

காலை பத்து மணிக்கு மூத்தார் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, கூப்பிடுகிறான் என்றார்.

இவர் தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது.

“அண்ணன் அன்னைக்குப் போன்ல என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு.”

நான் மூத்தாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. இந்த நோட்டிலும் அதை நான் எழுதவில்லை. சொன்னேன்.

“‘பிலோமினா, ஸ்டெல்லா போயிட்டா. விடியக்காலம் அஞ்சரைக்கு. லூர்துகிட்ட சொல்லு. அவன் வந்து பாக்காம நான் எடுக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் வெச்சிருப்பேன்னு சொல்லு.’ நான் ‘சொல்றேன் அத்தான்’னேன்.”

“எவ்வளவு நேரம் வெச்சிருந்த?” என்று இவர் அண்ணனைக் கேட்டார்.

“மறுநாள் மத்தியானம் வரைக்கும்,” என்றார் மூத்தார். “சாமியார் அதுக்கு மேல முடியாதுன்னுட்டாரு.”

மறுநாள் மத்தியானம் நாங்கள் இங்கே தட்டு மாற்றிக்கொண்டிருந்தோம்.

இவர் அழுதார். ஸ்டெல்லா அண்ணிக்காக இவர் அழுது நான் பார்த்தது இன்றுதான். அன்று கோபம் வந்து அழுகையை மறித்துவிட்டது. உடம்பில் சத்தில்லை, சத்தம் வரவில்லை, கண்ணீர் காதுப்பக்கம் ஒழுகியது. அண்ணன் துண்டால் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

வெகுநேரம் கழித்து என்னிடம், “தலகாணியைக் கொஞ்சம் ஏத்து,” என்றார். ஏற்றி வைத்தேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

என் கையால் மூன்று ஸ்பூன். மாதுளைச் சாறு.

நவம்பர் 17, ஞாயிறு

பேச்சு குறைந்துவிட்டது. மத்தியானம் என் கையைத் தேடினார். “சைக்கிள்ல போனப்போ சிரிச்சல்ல,” என்றார். ஆமா என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

காலை 11.40. ஜெசிந்தா, மூத்தார், நான், மூன்று பேரும் இருந்தோம். கஷ்டப்படவில்லை.

போனில் எல்லோருக்கும் நானே சொன்னேன். ஒருவரையும் விடவில்லை.

2025 ஜூன் 11, புதன்

ஆறு மாதத்துக்கு மேல் நோட்டைத் தொடவில்லை. இன்றைக்கு மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் மூத்தார் பேசினார். ஸ்டெல்லாவுக்கு இருபதாம் வருஷப் பூசை, வந்துவிட்டுப் போ என்றார். இவர் அடக்கத்துக்குப் பிறகு போத்தனூர் திரும்பியவர் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டாயா, பிரஷர் மாத்திரை போடுகிறாயா என்று இரண்டு வார்த்தை கேட்பார். நடந்ததைப் பற்றி இருவருமே பேசியதில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் மழை எப்படி என்று கேட்டுவிடுவார்.

காலைப் பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். வழியில் சம்பங்கி வாங்கிக்கொண்டேன். அன்று மூன்றாம் நாள் வந்தபோது வாசலோடு திரும்பிவிட்டதால் அக்காவின் கல்லறையை நான் பார்த்ததே இல்லை. வேப்பமரத்துக்குக் கீழே சின்னதாக, சிமெண்டு பூசியது. பெயர், தேதி. பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டுவைத்திருக்கிறார். முழங்காலிட எனக்கு முடியவில்லை, மூட்டுவலி. குனிந்து பூவை வைத்தேன். காய்ந்த வேப்பிலையைக் கையால் தள்ளினேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சிமெண்டைத் தடவிக்கொண்டிருந்தேன். வெயிலில் சுட்டது.

கல்லறையைப் பெருக்குகிற அம்மாள் விளக்குமாறோடு வந்து நின்றாள். வருஷாவருஷம் ஒற்றை ஆளாக வருகிறவரோடு இன்று இன்னொரு ஆளைப் பார்த்ததும், யாருங்க ஐயா என்று கேட்டாள்.

மூத்தார் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

“தம்பி சம்சாரம்,” என்றார். “திருச்சியிலேர்ந்து வருது. கொஞ்சம் நேரமாயிடுச்சு.”